இருபத்தொன்பதாவது மணி

ஒரு மணி குறைந்தது.

மகளின் பள்ளிக்கூடத்துக்காகச் செய்யும் அணு மாதிரியின் கம்பி வளையங்களில் கோத்த மணிகளைப் பம்ப் ஆபரேட்டர் மறுபடியும் எண்ணினார். முதல் வளையத்தில் இரண்டு, அடுத்ததில் எட்டு, மூன்றாவதில் பதினெட்டு. வெளிவளையம் மட்டும் மொட்டையாக நின்றது. செம்பு அணுவில் அந்த இடத்தில் ஒரே ஒரு எலக்ட்ரான் இருக்கும் என்று மகளின் பாடப்புத்தகம் அடித்துச் சொன்னது.

இரவு முழுக்கத் தண்ணீர் பம்புகளோடு மல்லுக்கட்டி வந்தவருக்குக் கண் சொருகியது. டியூஷனுக்குக் கிளம்பிய மகள் மணிகளைக் கையில் கொடுத்து, என்ன செய்ய வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தபோது, செம்புதானே, எனக்குத் தெரியும் போ என்று துரத்தியிருந்தார். எண்ணி வாங்கக்கூடத் துப்பில்லாத பிள்ளை என்று இப்போது அலுத்துக்கொண்டார்.

மேஜைமேல் மனைவியின் முத்துமாலை இருந்தது. அவள் தங்கை ஆசையாக வாங்கிக் கொடுத்தது. சாயங்காலம் தங்கை வீட்டு விசேஷத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு போகாவிட்டால் அக்கா தங்கை பேச்சுவார்த்தையே நின்றுபோகும். ஆனால் கொக்கிக்குப் பக்கத்தில், கூந்தல் மறைக்கிற இடத்தில் ஒரு முத்து போனால் யாருக்குத் தெரியப்போகிறது?

மாலையின் நூலில் நகவெட்டியை வைத்தார். அவர் கேட்டது ஒரு முத்து. மாலை மொத்தத்தையும் கொடுத்துவிட்டது.

பாதி முத்துகள் ஃபிரிட்ஜுக்கு அடியில் ஓடி ஒளிந்தன. ஃபிரிட்ஜை நகர்த்தினார். மேலே இருந்த எண்ணெய் பாட்டில் கவிழ்ந்தது. துடைக்கக் கைக்குக் கிடைத்த துணியை இழுத்தார். அது மனைவி சாயங்காலத்துக்கென்று இஸ்திரி போட்டு வைத்திருந்த புடவை.

"என்னங்க சத்தம்?" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

"ஒண்ணுமில்ல. செம்பு."

வந்து பார்த்தவள் திட்டவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"என் தங்கச்சிகிட்ட நான் என்னங்க சொல்லுவேன்?"

மகளின் மார்க்குக்காகத்தான் என்று தலைகுனிந்து சொன்னார். அவள் எண்ணெயில் கிடந்த ஒரு முத்தை எடுத்து, முந்தானையில் துடைத்து, தானே வெளிவளையத்தில் கோத்தாள்.

"சரி விடுங்க. புள்ளைக்குத்தானே. தங்கச்சி பேசாட்டா போறா."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

டியூஷன் முடிந்து வந்த மகள் அணுவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். முத்தைக் கழற்றி அம்மாவின் கையில் வைத்தாள்.

"இது எதுக்குப்பா? அந்தக் கடைசி எலக்ட்ரானைக் கொடுத்துட்ட அப்புறம் செம்பு எப்படி இருக்கும்னுதான் டீச்சர் செய்யச் சொன்னாங்க. அதான் இருபத்தெட்டு மணி மட்டும் வாங்கினேன்."