அம்பெல்லாம் சரி, இறால் எங்கே?

ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பைப் படித்துக் கெடுத்துக்கொண்டவன் நான். குடித்தும் சீட்டாடியும் கெட்டவர்களுக்காவது ஊரில் கொஞ்சம் அனுதாபம் உண்டு. கணக்குப் படித்துக் கெட்டேன் என்றால் யார் நம்புவார்கள்?

அப்போது சிங்கப்பூரில், துவாஸ் பக்கம் காதர் பாயின் உணவுக் கிடங்கில் எனக்கு புரோகிராமர் வேலை. வந்திறங்கும் பெட்டிகளில் எது எந்த அறைக்குப் போகவேண்டும் என்று என் புரோகிராம்தான் சொல்லும். பூன் லேயில் வாடகைக்கு ஓர் அறை. மதுரையில் டீச்சர் வேலையை விட்டுவிட்டு மனைவி நித்யா வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. என் வேலை இருக்கும்வரைதான் இருவருக்கும் இங்கே இருக்க அனுமதி.

இந்த லட்சணத்தில் எனக்குக் கேட்டகரி தியரி படிக்கும் ஆசை வந்தது. கணிதத்தில் அது ஒரு பிரிவு. ஒரு பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று குடையாதே, அதிலிருந்து அம்பு எங்கே போகிறது என்று மட்டும் பார் என்கிறது. எம்.ஆர்.டி. ரயிலில் வேலைக்குப் போக வர அதைத்தான் படித்தேன். (பாதி புரியவில்லை. புரியாத பாதிதான் தலைக்கேறியது.)

பழைய புரோகிராமில் 'இறால் என்றால் குளிர் அறை, அரிசி என்றால் சாதா அறை' என்று பக்கம் பக்கமாக இருந்தது. சீ, இதெல்லாம் ஒரு புரோகிராமா என்று மொத்தத்தையும் அழித்தேன். பெட்டி என்றால் பெட்டி, உள்ளே எது இருந்தால் நமக்கென்ன? இடம் இருக்கும் அறைக்கு ஓர் அம்பு. பதினோரு வரியில் முடிந்தது. கம்ப்யூட்டர் ஒரு பிழைகூடச் சொல்லவில்லை. இதற்குமேல் சோதித்துப் பார்ப்பது கணிதத்துக்கே அவமானம் என்று, வெள்ளிக்கிழமை மாலை அதை ஓடவிட்டுவிட்டு நித்யாவைத் தேக்காவுக்குத் தோசை சாப்பிடக் கூட்டிப்போனேன்.

திங்கட்கிழமை கிடங்கு வாசலிலேயே நாற்றம் குடலைப் புரட்டியது. அரிசி மூட்டைகள் குளிர் அறையில் விறைத்துக் கிடந்தன. இறால் இரண்டு நாளாகப் புழுக்கத்தில் கிடந்தது.

"ஸ்க்ரீன்ல வந்தா மறுபேச்சு பேசக் கூடாதுன்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க?" என்றார் பெட்டி அடுக்கும் செல்வம்.

காதர் பாய் விளக்கம் கேட்டார். நான் வெள்ளைப் பலகையில் நாற்பது நிமிஷம் அம்பு வரைந்தேன். (அப்போதும் புத்தி வரவில்லை.) மூக்கில் கைக்குட்டையோடு முழுசும் கேட்டார்.

"அம்பெல்லாம் சரி லா, தம்பி. இறால் எங்கே?"

அன்றே வேலை போயிற்று. நல்ல மனுஷர், திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் அழுதாவது இருப்பேன்.

முப்பது நாளுக்குள் வேறு வேலை, இல்லாவிட்டால் ஊர். இருபதாம் நாள் நித்யா பெட்டி கட்ட ஆரம்பித்தாள்.

"என்ன வைக்கிறே?" என்று எட்டிப் பார்த்தேன்.

"உள்ள என்ன இருந்தா உங்களுக்கென்னங்க? அம்பு எங்க போகுதுன்னு மட்டும் பாருங்க. மதுரைக்குப் போகுது."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இருபத்தாறாம் நாள் செம்பவாங்கில் ஒரு வேலை கிடைத்துத் தங்கிவிட்டோம். இப்போது சாப்பாட்டு மேசையில் நான் பாத்திர மூடியைத் தூக்கினால் போதும், "அப்பா, உள்ள பாக்கக் கூடாது லா!" என்கிறாள் அதற்கப்புறம் பிறந்த மகள். வீடே சிரிக்கிறது, நானும்தான். நித்யா கட்டிய பெட்டி மட்டும் இன்னும் அலமாரி மேலேயே இருக்கிறது. அவள் அதைப் பிரிக்கவில்லை. நானும் இதுவரை திறந்து பார்த்ததில்லை.