அறுபத்திநாலு பார்த்த கைரேகை

கற்பிட்டிக் கரையில் 'அறுபத்திநாலு'வைப் போல் ஒரு சந்தேகக்காரர் பிறந்ததுமில்லை, இனிப் பிறக்கப்போவதுமில்லை. தேத்தண்ணிக் கடையில் சீனிப் போத்தலைக்கூட நாக்கில் தொட்டுப் பார்த்துத்தான் நம்புவார். உப்பளத்து ஊர், யார் கண்டது!

கம்பியூட்டர் திருத்துவது அவர் தொழில். எந்த பைலைக் கொடுத்தாலும் முதலில் அதன் கைரேகையை எடுப்பார். ஹாஷ் என்பார்களாம். எழுத்தும் இலக்கமுமாக அறுபத்துநான்கு வரும். பைலுக்குள் ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை முழுக்க மாறிவிடும். பைலைச் செய்தவர்கள் சொல்லும் கைரேகையோடு பொருந்தாவிட்டால் தொடவே மாட்டார். பட்டப்பெயர் வந்த கதை இதுதான்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மீன்பெட்டி சுமந்து, குறிஞ்சிப்பிட்டியில் சொந்தமாக ஐஸ் பெக்டரி போட்டவன். என்னையே காக்க வைத்த ஒரே மனிதர் இவர்.

ஒருநாள் ஐஸ் மெஷினை ஓட்டும் கம்பியூட்டர் படுத்துவிட்டது. கண்டக்குழியில் ஒன்பது படகு மீன் கரையேறி ஐஸுக்குக் காத்துக் கிடந்தது. மெஷின் விற்ற ஏஜெண்ட் புது சொப்ட்வெயாரை பென் டிரைவில் கொண்டுவந்தார். அதை ஏற்ற அறுபத்திநாலுவைக் கூப்பிட்டேன்.

"ஏத்துங்க தம்பி, மீன் நாறப்போகுது," என்றேன்.

"கைரேகை பார்க்காம ஏத்த ஏலாது, ஹாஜியார்."

"பைல்ட பேரு சரிதானே?"

"எங்கட ஊர்ல எத்தன ரிஸ்வான் ஈக்காங்க? எல்லாரும் ஒரே ஆளா?"

பென் டிரைவில் இருந்த பைலின் கைரேகையை எடுத்துவிட்டு, மெஷின் செய்த கம்பனிக்குப் போனில் கோல் எடுத்தார். அங்கிருந்த பிள்ளை அசல் பைலின் கைரேகையை வாசிக்க, இவர் திருப்பிச் சொல்லி எழுதினார்: "ஏழு... மூணு... எஃப் ஃபோர் பாத்திமா... பீ ஃபோர் பஷீர்..."

சோறு கொண்டுவந்த என் பெண்சாதி கேட்டாள்: "யார்ட கலியாணத்துக்கு ஆள் எழுதுறீங்க?"

முதல் இலக்கமே பிழை. மனிதர் நிறுத்தவில்லை, அறுபத்துநான்கையும் கேட்டார்.

"அதான் பிழச்சிட்டே, இன்னும் என்னத்துக்கு?" என்றேன்.

"அந்தப் பிள்ள ஒழுங்கா வாசிக்குதா எண்டு பார்க்கோணுமே."

ஏஜெண்ட் உண்மையை ஒப்புக்கொண்டார். வேறொரு மெஷினின் சொப்ட்வெயாருக்குப் பெயரை மாற்றிக் கொண்டுவந்திருக்கிறார்! ஏற்றியிருந்தால் கொம்ப்ரஸர் எரிந்து, பெக்டரியே போயிருக்கும்.

கம்பனி சரியான பைலை ஈமெயிலில் அனுப்பியது. அதற்கும் அதே பாத்திமா, பஷீர் விசாரணை, இம்முறை பொருந்தியது. பின்னேரத் தொழுகைக்கான அஸர் பாங்குக்கு முன் ஐஸ் விழத் தொடங்கியது.

என் மக்களுக்கே கொடுக்காத பெக்டரிச் சாவியில் ஒன்றை அன்று அவர் கையில் வைத்தேன். பூட்டில் போட்டுத் திருகிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார். அதன் பிறகு நான் முன்போல் இரவில் எழும்பிப் போய் அந்தப் பூட்டை இழுத்துப் பார்ப்பதில்லை.