கர்னலும் சேவலும் கொர்னேலியஸின் காலைத் தூக்கமும்

ரிட்டையர்டான அன்று கழுத்தில் போட்ட மாலையைக் கழற்றும்போதே கொர்னேலியஸ் ஒரு சபதம் எடுத்தார். இனி செத்தாலும் எட்டு மணிக்கு முன்னால் எழுந்திருப்பதில்லை. சும்மாவா? வாலிபம் முழுக்க ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பஸ்ஸுக்கு ஓடியே தேய்ந்த மனுஷன்.

அவர் மனைவி ஞானசௌந்தரியும் அதே வாரம் ஒரு முடிவெடுத்தாள். கொல்லையில் கோழி வளர்ப்பது.

நாலு கோழி, ஒரு சேவல். கோழிகளால் தொந்தரவில்லை, முட்டை வந்தது. சேவல்தான் சனியன். விடிகிறதோ இல்லையோ, அஞ்சு மணிக்கு முன்னாலேயே படுக்கையறை ஜன்னலுக்கு அடியில் நின்று லோத்குண்டா ஏரியா முழுக்கக் கேட்கிற மாதிரி கூவும். "குழம்பு வச்சிரலாமே" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தார். ஞானசௌந்தரி சேவலைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "என் தங்கத்தையா?" என்று கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை ஒருநாளாவது தங்கம் என்று கூப்பிட்டிருப்பாளா? கிடையாது.

இந்த நேரத்தில்தான் கர்னல் சுவர் ஏறிக் குதித்தது. கர்னல் என்பது பக்கத்து வீட்டு நந்தகுமாரின் நாய். கன்றுக்குட்டி சைஸ். கட்டிப்போடாமல் தெருவெல்லாம் திரியும். அன்று கறுப்புக் கோழியை விரட்டி, அது கொய்யா மரத்தில் ஏறுவதற்குள் வாலில் ஒரு வாய் பிடுங்கிவிட்டது. ஞானசௌந்தரி துடைப்பத்தால் நாலு சாத்து சாத்தித் துரத்தினாள். அப்புறம் கோழியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். கொர்னேலியஸும் உச்சுக் கொட்டினார். உள்ளே? கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. கோவிலுக்கும் சர்ச்சுக்கும் பழமொழி பொதுதானே.

திட்டம் ரொம்ப எளிது. ஞானத்தை நன்றாகப் பயமுறுத்தினால், அவளே கோழிகளை ஆல்வாலில் இருக்கிற தன் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். அங்கே மதில் உயரம். சேவலும் போகும், தூக்கமும் வரும்.

"ஞானம், இன்னிக்கும் வந்துச்சு."

"எது?"

"கர்னல்தான். சுவர் மேல நின்னு கூட்டையே முறைச்சுப் பாத்துட்டு இருந்துச்சு. ஒவ்வொரு பல்லும் இத்தத் தண்டி!"

"நீங்க எப்பப் பாத்தீங்க?"

"அஞ்சு மணிக்கு. நான்தான் எந்திரிச்சு ஜன்னல்கிட்ட உக்காந்திருக்கேனே."

"தினமுமா?"

"தினமும்தான். உன் சேவல் தூங்க விட்டாத்தானே!"

அஞ்சு மணிக்கு அவர் தலையணையைத் தலைமேல் அமுக்கிக்கொண்டு புரண்டுகொண்டிருப்பார் என்பது வேறு விஷயம்.

"அப்படியா" என்று சொல்லிவிட்டு ஞானசௌந்தரி மீனைக் கழுவப் போனாள். அந்த 'அப்படியா'விலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. கூடுதலாக ஒரு சாட்சியும் தயார் பண்ணினார். கறிக்கடையிலிருந்து ஒரு பை இறகு வாங்கி வந்து சுவரோரமாகத் தூவினார். ஞானசௌந்தரி அதைப் பார்த்தாள். ஒரு இறகை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெருக்கி அள்ளினாள். பயந்துவிட்டாள் என்று இவர் கணக்குப் போட்டார்.

"வாங்க, நந்தகுமார் வீட்டுல பேசிட்டு வந்துருவோம்" என்றாள் சாயங்காலம்.

போனார்கள். நந்தகுமாரின் மனைவி மைதிலி டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும் கொண்டு வந்து வைத்தாள். நந்தகுமார் சண்டைக்கு வருவான் என்று கொர்னேலியஸ் எதிர்பார்த்தார். அவனோ கையைப் பிசைந்தான்.

"ஸாரி அங்கிள். கட்டிப்போட்டா ஒரே ஊளை. காலைல ஒரு மணிநேரம் வாக்கிங் கூட்டிட்டுப் போனா சாதுவாயிடும்னு டாக்டர் சொல்றார். எங்க ரெண்டு பேருக்கும் நைட் ஷிஃப்ட். கூட்டிட்டுப் போக ஆள் இல்ல."

"பாவம், என்ன செய்ய முடியும்!" என்றார் கொர்னேலியஸ் உருக்கமாக. "வேற வழியே இல்ல, ஞானம். கோழிகளை ஆல்வாலுக்கு..."

"ஏன் ஆள் இல்ல?" என்றாள் ஞானசௌந்தரி. "இவுக தினமும் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஜன்னல்கிட்ட சும்மாதான உக்காந்திருக்காக. அவுகளே சொன்னாக."

"நிஜமாவா அங்கிள்?" என்று கேட்ட மைதிலியின் கண் கலங்கிவிட்டது.

"எனக்கு முட்டி வலி..."

"நடந்தா முட்டிக்கு நல்லது" என்றாள் ஞானசௌந்தரி.

"நக்கோ, வேணாம் ஆன்ட்டி, அங்கிளுக்கு எதுக்கு சிரமம்" என்று சொல்லிக்கொண்டே நந்தகுமார் நாய்ச் சங்கிலியைக் கொர்னேலியஸின் கையில் வைத்துவிட்டான். நான் தூங்குமூஞ்சி, சொன்னதெல்லாம் புளுகு என்று ஊரார் முன்னால் எந்த ஆம்பளையால் சொல்ல முடியும்? டீயைக் குடித்தார். ஆறிப் போயிருந்தது.

வாசலுக்கு வந்ததும் பல்லைக் கடித்தார். "வேணும்னேதான செஞ்சே?"

"நான் என்னத்தைச் செஞ்சேன்? சுவரோரம் கிடந்த இறகெல்லாம் வெள்ளை. நம்ம வீட்டுல வெள்ளைக் கோழி ஏதுங்க?"

கொர்னேலியஸ் கொல்லையை எட்டிப் பார்த்தார். ஒன்று கறுப்பு, மூன்று சிவப்பு, சேவலும் சிவப்பு. கறிக்கடை பிராய்லருக்கு இந்தப் புத்தி கூடவா இல்லை!

அப்புறம் என்ன? தினமும் ரிட்டையர்ட் ராணுவ அதிகாரிகள் குடியிருக்கிற சைனிக்புரி வரை கர்னல் முன்னால் ஓட, கொர்னேலியஸ் பின்னால் இழுபட்டார். "கர்னல்! கேட்டுல காலைத் தூக்காதே!" என்று அவர் கத்தியபோது, வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த இரண்டு மீசைக்காரப் பெரியவர்கள் விறைப்பாக நிமிர்ந்தார்கள். ஓடிக் களைத்த நாய் பகலெல்லாம் சுருண்டு தூங்கியது. கறுப்புக் கோழிக்குப் புது வால் முளைத்தது. ஞானசௌந்தரியின் முகத்தில் பழைய சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்க்க அவருக்கும் சந்தோஷம்தான். ஆனால் தூக்கம் தூக்கம்தானே.

டிசம்பர் வந்தது. ஒரு விடியலில் தோளைப் பிடித்து யாரோ உலுக்கினார்கள். குளிர் நடுக்கியது. கம்பளியைத் தேடினார், காணோம். ஜன்னல் வழியே பார்த்தால், அது கோழிக்கூட்டின் மேல் போர்த்திக் கிடந்தது.

"ஏ ஞானம், இன்னும் சேவலே கூவலையே!"

ஞானசௌந்தரி சங்கிலியை அவர் கையில் திணித்து, உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவாப் பேசுங்க. என் தங்கம் தூங்குது."