பின்சீட்டுக்கு அடியில் ஒரு பம்ப்

ஒரு விஷயத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதிவிட்டால் அதைக் கையால் செய்யவும் வந்துவிடும் என்று நம்பும் வியாதி பத்திரிகைக்காரர்களுக்கு உண்டு. எனக்கு அது முற்றியிருந்தது. சென்னையில் ஒரு நாளிதழில் வாரம் ஒரு பக்கம் கார்களைப் பற்றித் தயாரித்துக்கொண்டிருந்தேன். ஆனால் வாழ்நாளில் ஒரு டயர்கூட மாற்றியதில்லை. (மாற்றுவதைப் பார்த்திருக்கிறேன். நிழலில் நின்று.) இந்த லட்சணத்தில்தான் எனக்குக் காஞ்சிபுரத்தில் பெண் நிச்சயமானது.

பெண் வீட்டில் ஆறு தறிகளும் ஒரு பழைய அம்பாசடரும் இருந்தன. தறியை மகன் சேகரிடம் நம்பி ஒப்படைத்துவிட்ட என் வருங்கால மாமனார், கார் சாவியை மட்டும் இடுப்பிலேயே வைத்திருந்தார். மாப்பிள்ளை அழைப்பு அந்தக் காரில்தான் என்று ஊருக்கெல்லாம் சொல்லியும் இருந்தார். கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது கார் படுத்துக்கொண்டது. பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்துவிட்டதாம். புதுச் சவ்வு வர பத்து நாளாகும் என்றார் மெக்கானிக்.

அந்தப் பழைய பம்பைப் பற்றி இரண்டு வரி சொல்லியாக வேண்டும். உள்ளங்கை அளவுதான். இன்ஜினின் விலாவில் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்ஜின் சுற்றினால் சவ்வு மேலும் கீழும் அசைந்து, டேங்கிலிருந்து பெட்ரோலைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து கார்புரேட்டருக்குக் கொடுக்கும். அந்த மெல்லிய தள்ளல்தான் கார்புரேட்டர் தாங்கும். இன்ஜின் நின்றால் பம்பும் நின்றுவிடும். எவ்வளவு பத்திரமான ஏற்பாடு என்பது, அதை ஒதுக்கிவிட்டு என் கைவரிசையைக் காட்டிய பிறகுதான் புரிந்தது.

“கவலைய விடுங்க மாமா. இப்பல்லாம் எலெக்ட்ரிக் பம்ப் வந்துடுச்சு. நானே வாங்கியாந்து மாட்டறேன்” என்றேன்.

“உங்களுக்கு மாட்டத் தெரியுமா மாப்ள?”

“அதப் பத்தி மூணு வாரம் தொடரே போட்டிருக்கோம்.”

சென்னையில் உதிரிபாகக் கடைக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “கார்புரேட்டர் வண்டிக்கா சார், இன்ஜெக்ஷன் வண்டிக்கா?”

“ரெண்டுல எது நல்லா அடிக்கும்?”

“இன்ஜெக்ஷன் பம்ப்தான் சார். ஃபோர்ஸ் சும்மா பிச்சிக்கினு போவும்.”

“அப்ப அதையே குடுங்க.”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு பொட்டலம் கட்டினார். (தொடர் எழுதியவன் முகத்தில் அத்தனை தெளிவு இருந்திருக்க வேண்டும்.)

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் சேகரும் பம்பைப் பின்சீட்டுக்கு அடியில் பொருத்தினோம். சாவியோடு சேர்ந்து வேலை செய்யும் ஒயர் எது என்று தெரியவில்லை. அதனால் பாட்டரியிலிருந்து நேராக இழுத்தேன். வண்டி கிளம்பும்போது சீட்டைத் தூக்கி இரண்டு ஒயர்களை முறுக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். முதல் தடவை முறுக்கியதும் கார்புரேட்டரில் பெட்ரோல் பொங்கியது. ரப்பர் குழாயை ஒரு க்ளிப்பால் நெரித்தேன். பொங்கல் அடங்கியது. திருப்புட்குழி வரை ஓட்டிப் பார்த்தோம். கார் பறந்தது. மாமனார் என் தோளைத் தட்டினார். வேகமாகப் போகும்போது இன்ஜின் அத்தனை பெட்ரோலையும் குடித்துவிடுகிறது, மெதுவாகப் போனால் மிச்சம் எங்கே போகும் என்ற கேள்வி என் மூளையின் பக்கமே வரவில்லை.

மாப்பிள்ளை அழைப்பில் கார் நடையைவிட மெதுவாகத்தான் போகும்.

மாலை ஆறு மணிக்குப் பிள்ளையார் கோயிலிலிருந்து கிளம்பினோம். மண்டபத்துக்கு அரை கிலோமீட்டர். கோட்டும் மாலையுமாக நான் பின்சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தேன். சேகர் ஓட்டினான். முன்னால் நாதஸ்வரம், தவில். அதற்கும் முன்னால் சரவெடி. முதல் திருப்பத்திலேயே எனக்கு வாசனை வந்துவிட்டது.

“மச்சான், பெட்ரோல் வாசன வருது.”

“இன்னா மாப்ள?”

“வாசன! வாசன!”

“சென்ட்டா? ஜோரா கீது மாப்ள!”

எனக்கு எதையும் வரிசையாகக் கவனிக்கும் பழக்கம் உண்டு. அன்று அது பெரிய தண்டனையாக இருந்தது. அந்தக் காரில் கார்புரேட்டருக்கு நேர் கீழேதான் புகைக்குழாய் இருக்கிறது. அது கிளம்பியதிலிருந்து காய்ந்துகொண்டிருக்கிறது. மேளக்காரர்களைத் தாண்டி ஆயிரம் வாலா வெடிக்கிறது. காகிதத் துணுக்குகள் கனன்றபடி பானெட்டின் மேல் விழுகின்றன. மறுநாள் செய்தி என் மனத்தில் அச்சாகிவிட்டது. ஒற்றைப் பத்தி, ஏழாம் பக்கம், என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. இறங்கி ஓடலாமென்றால், ஆரத்தி எடுக்காமல் மாப்பிள்ளை கால் தரையில் படக்கூடாது என்று ஏறும்போதே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அதைவிட, என் பம்ப் கோளாறு என்று மாமனாரிடம் சொல்வதற்கு வெட்கமாக இருந்தது. உயிரா மானமா என்று வந்தபோது அரை கிலோமீட்டர் தூரம் மானத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான்.

மண்டப வாசலில் கார் நின்றது. சேகர் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான். மேளம் ஓய்ந்தது. அந்த அமைதியில், என் சீட்டுக்கு அடியிலிருந்து ‘ஙொய்ய்’ என்று ஒரு சத்தம் மட்டும் நிற்காமல் வந்தது. இன்ஜின் தூங்கிவிட்டது. பம்ப் தூங்கவில்லை. வந்த பெட்ரோல் அத்தனையும் இப்போது வெளியேதான் போயாக வேண்டும். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். காரின் முன்பக்கத்திலிருந்து தெருச் சரிவில் ஒரு ஈரக் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. அது போய்ச் சேர்ந்த இடத்தில் மெட்டி போட்ட இரண்டு கால்கள். அந்தக் கால்களுக்கு மேலே பெண்ணின் பெரியம்மா. அவர் கையில் ஆரத்தித் தட்டு. தட்டில் வெற்றிலை. வெற்றிலையின் மேல் சூடம், நன்றாக எரிந்துகொண்டு.

கத்த நினைத்தேன். தொண்டை ஒத்துழைக்கவில்லை. பெரியம்மா சிரித்துக்கொண்டே ஜன்னலருகே தட்டைக் கொண்டுவந்தார். நான் இடுப்பு வரை வெளியே சாய்ந்து, நெஞ்சிலிருந்த மூச்சையெல்லாம் திரட்டி, ஊதினேன்.

சூடம் அணைந்தது. வாசலில் நின்ற எல்லாரும் அணைந்த மாதிரி ஆனார்கள்.

“ஐயய்யோ! மாப்ள ஆரத்திய ஊதி அணைச்சிட்டாரே!”

“பர்த்டே கேக்குன்னு நெனச்சிட்டானா?” என்றார் என் சொந்த அத்தை.

“பையனுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டம் இல்லியாட்டங்கீது” என்று பின்னாலிருந்து ஒரு குரல். நிமிர்ந்தேன். மாடி ஜன்னலில் கோமதி, நாளை என் மனைவியாக வேண்டியவள், அசையாமல் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைவிட நெருப்பு தேவலை என்று தோன்றியது.

“தெரியாம பண்ணிட்டாரு, வுடுங்கபா. வேற சூடம் ஏத்திக்கலாம்” என்று பெரியம்மா தீப்பெட்டியை எடுத்தார். நான் அதை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். இப்போது கூட்டத்தில் முணுமுணுப்பு இரைச்சலானது. அப்போதுதான் என் தொண்டை திறந்தது.

“பெட்ரோல்! கீழ பாருங்க, பெட்ரோல்!”

மாமனார் பானெட்டைத் திறந்தார். ஒரு பார்வைதான். “எல்லாரும் தள்ளிப் போங்க! ஒருத்தரும் தீக்குச்சி கிழிக்கக் கூடாது.” பிறகு என்னிடம் வந்தார். “இத்த எப்டி நிறுத்தறது மாப்ள?”

“எனக்குக் கீழ இருக்குது மாமா.”

“அப்ப எறங்குங்க.”

பெரியம்மா குறுக்கே வந்தார். “ஆரத்தி எடுக்காம கால கீழ வெக்கக் கூடாது!”

“இப்ப ஆரத்தி எடுத்தா, கீழ வெக்கறதுக்குக் காலே இருக்காது அண்ணி!”

இருவரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். பெட்ரோல் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் மாமனார்தான் தீர்ப்புச் சொன்னார். “டேய், மாப்ளய தூக்குங்கடா.”

தறியில் வேலை செய்யும் நான்கு பேர், பாவு நூலை இருபுறமும் பிடித்துத் தெருவில் தூக்கிப் போவதைப் போல, என்னைக் கதவு வழியாகப் படுக்கை வசத்தில் உருவி எடுத்துக்கொண்டு ஓடினார்கள். மாமனார் ரப்பர் குழாயை இரண்டாக மடக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சேகர் சீட்டைத் தூக்கி ஒயரைப் பிரித்தான். ஙொய் நின்றது.

ஐம்பது அடி தள்ளி, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த எனக்கு ஆரத்தி எடுத்தார்கள். எங்கள் கல்யாண ஆல்பத்தின் முதல் படம் அதுதான். (என் ஷூவின் அடிப்பாகம் தெளிவாக விழுந்திருக்கிறது.)

மாமனார் திட்டவில்லை. பெட்ரோல் மணக்கும் கைகளைத் துடைத்துக்கொண்டே, “மாப்ள, நீங்க எழுதறதோட நிறுத்திக்கங்க” என்றார். மறுநாள் காலை மணமேடையில், ஹோமத்தின் முன் கோமதி வந்து உட்கார்ந்தாள். முந்தின நாள் பார்வை என்ன தீர்ப்பெழுதியது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவள் குனிந்த தலை நிமிராமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: “இதையும் ஊதிடாதீங்க.”

பன்னிரண்டு வருடங்கள் ஆகிவிட்டன. இன்றும் அந்த வீட்டில் பூஜையோ காதுகுத்தோ எதுவானாலும், சூடம் ஏற்றும் நேரத்தில் பெரியம்மா தீக்குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைத் தேடுவார். “மாப்ள, கொளுத்தட்டா?” ஐயர் உட்பட எல்லாரும் என் பதிலுக்காகக் காத்திருப்பார்கள். குழந்தைகள் சிரிப்பை அடக்க முடியாமல் திணறுவார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டே தலையாட்டுவேன்.

ஆனால் அதற்கு முன், யாருக்கும் தெரியாமல், ஒரு முறை மூச்சை இழுத்து முகர்ந்து பார்த்துக்கொள்வேன்.