ஒன்பதரை மணி பஸ்

“படியில ஏறாதய்யா. அங்கனயே நில்லு” என்றார் வக்கீல் குமாஸ்தா.

தவசி தூக்கிய காலை அப்படியே கீழே வைத்தான். கும்பிடக் குவித்த கை மட்டும் இறங்க மறந்து நின்றது.

“சிக்கல் கிராமத்துல இருந்து வாரேன். உக்கிரபாண்டி கேசு விசயமா வக்கீலய்யாவ…”

“அந்தக் கேச எங்க வக்கீலய்யா எடுத்தாச்சு. காலையிலயே வக்காலத்து எழுதியாச்சு. இன்னமும் கேளு. கேச விசாரிச்சுக்கிட்டு ஒரு ஆள் வருவான், வாசல்ல ஏத்தாதீகன்னு சொல்லிட்டே போயிருக்காக.”

தவசி தெருவுக்குத் திரும்பினான்.

உக்கிரபாண்டி அவன் மனைவி வெள்ளையம்மாளின் ஒரே தம்பி. முந்தாநாள் கண்மாய்த் தண்ணீரைத் திருப்புவதில் தகராறு. மண்வெட்டிக் காம்பால் இருளாண்டியின் மண்டையை உடைத்துவிட்டான் என்று நேற்றுச் சாயங்காலம் போலீஸ் வந்து ராமநாதபுரத்துக்கு அள்ளிக்கொண்டு போயிற்று.

“மொத பஸ்ஸப் பிடிச்சு ராமநாதபுரம் போயி நல்ல வக்கீலா அமத்துங்க” என்று ராத்திரியே சொன்னாள் வெள்ளையம்மாள்.

தவசி எதையும் யோசித்துச் செய்கிறவன். இதையும் யோசித்தான். அவன் யோசித்து முடிப்பதற்குள் அடுப்பு அணைந்துவிட்டது.

“நாளைக்குத் திங்கக்கெழம. மொத பஸ்ஸுல போனா எறங்கும்போதே ராகுகாலம். ஒம்பது மணிக்குக் கழியும். ஒம்பதரை பஸ்ஸுல போறேன்.”

வெள்ளையம்மாள் விடியுமுன்பே பெட்டியைத் திறந்து காசுமாலையை எடுத்துக் கழுத்தில் போட்டாள். “எந் தம்பி வெளிய வந்தாத்தான் இனி இந்த வாசப்படிய மிதிப்பேன்” என்று இறங்கிப் போய்விட்டாள். கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போகிறாள் என்று தவசி எடுத்துக்கொண்டான்.

ஆக, மச்சினன் வெளியே வந்தால்தான் பெண்டாட்டி உள்ளே வருவாள். இங்கேயோ இருளாண்டி முந்திக்கொண்டான். மண்டை உடைந்தவனுக்கு மூளை எப்படி இவ்வளவு வேகமாக ஓடுகிறது?

இரண்டாவது வக்கீல் வீட்டில் தவசி உஷாராக இருந்தான். பேரை வெளியே விடவில்லை.

“ஒரு அடிதடி கேசுங்க.”

“எந்த ஊரு?”

“ஊரு… இங்கன பக்கந்தான்.”

“உம் பேரு?”

தவசி யோசித்தான். அவன் யோசிக்க யோசிக்கக் குமாஸ்தாவின் முகம் மாறியது.

“சொந்தப் பேரச் சொல்ல ஒனக்கு ரோசனையா? சிக்கல்காரன்தான நீ? வேவு பாக்க வந்தியா? ஏலே சுஐபு, இவன வெளிய தள்ளு!”

வேலைக்காரன் சுஐபு தள்ளினான். மூன்றாவது வீட்டில் அவன் தலையைக் கண்டதும் கதவு சாத்திக்கொண்டது. நாலாவது வீட்டில் நாயே பதில் சொல்லிவிட்டது.

“கிரிமினலுக்கு இந்த ஊர்ல நாலு பேருதான்” என்றார் டீக்கடை பாக்கர். “அது போக, காதர் மைதீன் வக்கீலு இருக்காரு. வெள்ளக்காரன் கப்பல் ஏறுன அன்னைக்கிக் கோட்டக் கழட்டுனவரு, பத்து வருசமாச்சு, திரும்பப் போடல. கால்ல விழுந்து பாரு.”

காதர் மைதீன் வீட்டு முற்றத்துக் கொடியில் ஒரு கறுப்புக் கோட்டு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. பாச்சை உருண்டை வாசம் தெரு வரைக்கும் வந்தது. தவசிக்கு உயிர் வந்தது.

“அய்யா, மறுபடியும் கோட்டுப் போடப் போறீகளா?”

“ஆமாப்பா. அல்லா யாருக்கு எப்ப வேல குடுப்பான்னு யாரு கண்டா? காலையில ஒரு சிக்கல் கேசு வந்துச்சு.”

தவசி தரையில் உட்கார்ந்துவிட்டான். காற்றில் கோட்டின் கைகள் மட்டும் இல்லை, இல்லை என்பதுபோல ஆடிக்கொண்டிருந்தன.

“அய்யா, நானும் அந்தக் கேசுக்குத்தான்…”

“பேசாத.” கிழவர் கையை உயர்த்தினார். “ஒரு கேசுல ரெண்டு பக்கத்துக்கும் காது குடுக்கிறது ஹராம். ஒண்ணே ஒண்ணு சொல்றேன். எதுத்தாப்புல அஞ்சு வக்கீலு நிக்கிறோம். நீ தாங்க மாட்ட. போயி எதிராளிகிட்டச் சமாதானம் பேசிரு.”

பெரியாஸ்பத்திரியில் இருளாண்டி தலை நிறையக் கட்டோடு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். தவசி அவனை வாழ்நாளில் முதல் தடவையாக அண்ணன் என்று கூப்பிட்டான்.

“அண்ணே, அஞ்சு பேரையும் நீயே வச்சுக்கிட்டா நாங்க எங்க போவோம்? ஒருத்தர மட்டும் விட்டுக்குடு.”

“எந்த அஞ்சு பேருலே?”

“வக்கீலு.”

“வக்கீலா? ஒரு காப்பி வாங்கிக் குடிக்கவே ரெண்டு நாள் தயங்குறவன் நான். அஞ்சு வக்கீலு வைக்கிற மூஞ்சியாலே இது?”

இருளாண்டி சிரித்தான். சிரித்ததில் தையல் இழுத்து, முகம் கோணிக்கொண்டது. அந்தக் கோணல் தன்னைப் பழிப்பதாகத் தவசிக்குப் பட்டது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவன் யோசிக்காமல் ஒரு காரியம் செய்தான். கஞ்சிச் சட்டியைப் பிடுங்கி, அந்தக் கட்டின் மேலேயே கவிழ்த்துப் போட்டான்.

லாக்கப்புக்குள் அவனைத் தள்ளியபோது மூலையில் குந்தியிருந்த உக்கிரபாண்டி வாயைப் பிளந்தான்.

“மச்சான், நீங்க வக்கீல் பாக்கத்தான வந்தீக?”

வெளியே சிவப்புத் தலைப்பாகை ஏட்டு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

“ஊரு சிக்கல். பேரு தவசி. சரி, ஒனக்கு வக்கீலு யாருய்யா?”

“வக்கீலுக்கு எங்கிட்டுப் போறது ஏட்டய்யா? ஊர்ல உள்ள அஞ்சு பேரையும் இருளாண்டி வளைச்சுப்பிட்டானே!”

ஏட்டு எழுதுவதை நிறுத்தினார்.

“இருளாண்டியா? கோர்ட்டே பேசிச் சிரிக்குது, ஒனக்குத் தெரியாதா? மொத பஸ்ஸுல வந்து எறங்கி, காசுமாலையில ஆளுக்கொரு காசா அத்துக் குடுத்து, ‘எம் புருசன் ராகுகாலம் கழிச்சு வாரதுக்குள்ள எதிராளி உங்கள வளைச்சுருவான், எவன் கேட்டு வந்தாலும் வெரட்டுங்க’ன்னு தம்பிக்காக அஞ்சு பேரையும் அமத்திட்டுப் போனது வெள்ளையம்மான்னு ஒரு பொம்பளைல்ல!”