மூக்கு அடுத்தவருடையது

உலகத்தில் வீரர்கள் இரண்டு வகை. அடி வாங்குகிற வீரர்கள் ஒரு வகை. அவர்களை இப்போது தொந்தரவு செய்ய வேண்டாம். பாவம், முகத்தில் ஐஸ்கட்டிப் பையை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். நாம் பார்க்கப்போவது இன்னொரு வகையை. அடுத்தவருடைய மூக்கை முன்னால் நீட்டிவிட்டு, பின்னால் நின்று மார் தட்டுகிறவர் இவர். இவருக்குப் பயம் என்பதே கிடையாது. வலியைக் கண்டால் சிரிப்பார். பின்வாங்கலாமா என்று யாராவது கேட்டால் முகம் சிவந்துவிடும். ஏன் பின்வாங்க வேண்டும்? மூக்கு அடுத்தவருடையதாயிற்றே!

இந்த இனம் எல்லா இடத்திலும் செழிப்பாக வளர்கிறது. கேட்பதற்கு நாலு பேரும், அடி வாங்க ஒரு சொந்தக்காரரும் இருந்துவிட்டால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம். மாதிரிக்கு ஒருவரைப் பார்த்துவிடலாம். தெருவே அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுகிறது. நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

மச்சான் மெத்தைக் கடை வைத்திருக்கிறார். காலையிலிருந்து கடை மூடும்வரை பஞ்சுக்கும் ரப்பருக்கும் தலையணைக்கும் நடுவில், இருப்பதிலேயே மெத்தென்ற ஒன்றாகப் பார்த்து அதன்மேல் உட்கார்ந்திருப்பார். அவருடைய தங்கையைக் கட்டிக்கொண்டவர் சண்டைக்காரர். தெருச் சண்டைக்காரர் இல்லை. குத்து, உதை, மல்யுத்தம், கழுத்துப்பிடி எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, கம்பிவலைக் கூண்டுக்குள் இரண்டு பேரை விட்டுப் பூட்டி, ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்களே, அந்தச் சண்டை. போஸ்டரில் அவர் பெயர் ‘இடி’. வீட்டில் இந்த இடி சத்தமே போடாது. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி, துடைத்து, அடுக்கி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

கல்யாணப் பேச்சு வந்தபோது மச்சான் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். “அடி வாங்கிப் பொழைக்கிறவனுக்கா என் தங்கச்சி? நாளைக்கு மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கும்னே தெரியாதே!” என்றார். எப்படியோ கல்யாணம் நடந்தது. அப்புறம் இடி ஒரு சண்டையில் ஜெயித்தார். பேப்பரில் படம் வந்தது. படத்தின் ஓரத்தில் மச்சானுடைய பாதித் தலை வந்திருந்தது. அவ்வளவுதான். அன்றைக்கு அந்தப் பாதித் தலைக்குள் ஏறிய வீரம் இன்றுவரை இறங்கவில்லை.

அதற்குப் பிறகு கடைக்குத் தலையணை வாங்க வந்தவர்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. நீள உருண்டைத் தலையணை ஒன்றைத் தரையில் கிடத்தி, அதன்மேல் ஏறி உட்கார்ந்து, கழுத்து இருக்கவேண்டிய இடத்தைக் கையால் சுற்றி வளைத்து, “இப்படித்தான் பிடிச்சோம், அவன் மூச்சுக்குத் தவிச்சான், ‘விடு விடு’ன்னு தட்டினான், நாங்க விடலையே!” என்று மூச்சிரைக்க விளக்குவார். ஜெயித்தால் ‘நாங்க’. தோற்றால்? “மாப்ள கொஞ்சம் அசந்துட்டாப்ல.” அப்போது மட்டும் மாப்பிள்ளை தனி ஆள்.

மரியாதையிலும் இப்படித்தான். வீட்டில் “வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள” என்று குழைவார். அதே மாப்பிள்ளை கூண்டுக்குள் முதுகு தரையில் பட விழுந்துவிட்டால், வெளியிலிருந்து, “எழுந்திருடா! வலியெல்லாம் மனசுலதான்டா!” என்று தொண்டை கிழியக் கத்துவார்.

வலியெல்லாம் மனசில்தான். இது மச்சானுடைய தத்துவம். இடியின் மூக்கு உடைந்தபோது சொன்னார். விலா எலும்பில் கீறல் விழுந்து, இடி தும்முவதற்கே பயந்துகொண்டிருந்த நாட்களிலும் சொன்னார். ஆனால் கடை மேஜையின் இழுப்பறையில் நகம் மாட்டிக்கொண்ட அன்றைக்கு அவர் அதைச் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் சொன்னது, “ஐயோ அம்மா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, கண்ணு இருட்டுது!” ஊசி போட வந்த நர்ஸைப் பார்த்ததும் கட்டிலின் அந்தப் பக்கம் இறங்கி நின்றுகொண்டாராம். அது வேறு விஷயம் என்பார். வேறு விஷயம்தான். நகம் அவருடையது.

இனி ஒரு துண்டின் கதைக்கு வருவோம். இந்தச் சண்டையில் ஒரு வழக்கம் உண்டு. கூண்டுக்கு வெளியே, சண்டைக்காரரின் மூலையில் அவருடைய ஆட்கள் நிற்பார்கள். அவர்களில் ஒருவர் கையில் ஒரு துண்டு இருக்கும். இதற்குமேல் நம் ஆள் தாங்கமாட்டார் என்று பட்டால் துண்டைக் கூண்டுக்குள் எறிய வேண்டும். எறிந்தால் ஆட்டம் முடிந்தது. தோல்விதான், ஆனால் ஆள் முழுசாக வீட்டுக்கு வந்துவிடுவார்.

இடியின் பயிற்சியாளர் கறாரான மனிதர். துண்டை அவர் தொடமாட்டார். “எனக்கு ஜெயிக்கணும். ஜெயிக்கணும்னு நினைக்கிறவன் கையில துண்டு இருக்கக்கூடாது. ஆள் மேல யாருக்குப் பாசம் அதிகமோ அவங்க வெச்சுக்கட்டும்” என்பார். தங்கை கையை நீட்டினாள். மச்சான் குறுக்கே பாய்ந்து துண்டை வாங்கிக்கொண்டார்.

“நீ சும்மா இரும்மா. ரெண்டு குத்து விழுந்தாலே பயந்து எறிஞ்சிடுவே.”

அந்தத் துண்டை அவர் துவைத்து, இஸ்திரி போட்டு, தோளில் மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு கூண்டை நோக்கி நடந்து வருகிற அழகைப் பார்த்திருக்க வேண்டும். பட்டம் வென்றவரே அவர்தானோ என்று இருக்கும். இத்தனை வருஷத்தில் அந்தத் துண்டு ஒரே ஒரு தடவைகூடக் கூண்டுக்குள் போனதில்லை. அதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். “என் துண்டு எறியற துண்டு இல்லய்யா!”

சரி, இடி தானே கையால் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். அது முடியாது. அவருடைய தொழிலில் அதற்கு மனம் வராது; தானாக விட்டுவிட்டால் அப்புறம் கண்ணாடியில் முகம் பார்க்க முடியாது. துண்டு வெளியிலிருந்து வந்தால் வேறு. என்ன செய்ய, குடும்பத்தார் நிறுத்திவிட்டார்கள் என்று தலை நிமிர்ந்து போகலாம். அதனால்தான் ஒவ்வொரு ரவுண்டிலும், அடிகளுக்கு நடுவில், அவர் திரும்பி மூலையைப் பார்ப்பார். பசித்த பிள்ளை சமையலறையைப் பார்ப்பது போன்ற பார்வை. மச்சான் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார்: “பார்த்தீங்களா? கண்ணாலயே சொல்றாப்ல, துண்டை எறிஞ்சிடாதீங்கன்னு!”

இப்படியே போய்க்கொண்டிருந்திருக்கும். நடுவில் இடது கண் வந்து கெடுத்தது. ஒரு சண்டையில் வாங்கிய அடியில் கண்ணுக்குள் இருக்கிற திரை கிழிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து ஒட்டினார்கள். கண் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: “இன்னொரு பலமான அடி அதே கண்ணுல விழுந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. பார்வை போயிடும்.” இடி தலையை ஆட்டினார். அப்புறம், ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாகிவிட்டது, கடைசியாக ஒரே ஒரு சண்டை, அதோடு விட்டுவிடுகிறேன் என்று மனைவியிடம் சொன்னார். அவள் அழுது பார்த்தாள். அவர் தட்டைக் கழுவிக்கொண்டே நின்றார்.

தங்கை நேரே மெத்தைக் கடைக்குப் போனாள்.

“அண்ணா, அவர் சொன்னா கேக்கமாட்டார். துண்டு உன் கையிலதான் இருக்கு. கண்ணுல முதல் அடி விழுந்ததும் எறிஞ்சிடு. எனக்கு வேற எதுவும் வேண்டாம்.”

“டாக்டருங்க அப்படித்தாம்மா பயமுறுத்துவாங்க. கடைசிச் சண்டை. ஜெயிச்சிட்டு வரவேண்டாமா? இவ்வளவு நாள் கட்டிக் காப்பாத்தின பேரு என்ன ஆகறது?”

“யார் பேரு?”

இதில் இருந்த குத்து மச்சானுக்கு உறைக்கவில்லை. “எங்க பேருதான்” என்றார்.

“கண்ணு அவரோடதுண்ணா.”

“வலியெல்லாம் மனசுலதாம்மா” என்று மச்சான் ஆறுதல் சொன்னார். ஒரு தலையணையும் இலவசமாகக் கொடுத்தனுப்பினார்.

இதுவரை புருஷனின் சண்டையை நேரில் பார்க்க வராத தங்கை அன்றைக்கு வந்தாள். மூலைக்குப் பின்னாலேயே இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டாள். முதல் ரவுண்டில் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டாவது ரவுண்டில் எதிராளிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இந்த ஆள் இடது கண்ணைத்தான் பொத்திப் பொத்திக் காப்பாற்றுகிறான் என்று கண்டுகொண்டால் யார்தான் சும்மா இருப்பார்கள்? அங்கேயே குறி வைத்தான். ஒன்று விழுந்தது. உரசிக்கொண்டு போனதுதான், ஆனாலும் புருவம் பிளந்தது. இடி திரும்பி மூலையைப் பார்த்தார்.

“அண்ணா, எறி!” என்று தங்கை கத்தினாள்.

“இன்னும் ஒரே ஒரு ரவுண்டுதாம்மா!”

மச்சான் படியில் ஏறி நின்றிருந்தார். வலது கையில் துண்டு, தலைக்குமேல் சுழன்றுகொண்டிருந்தது. இடது கை விரல்கள் கம்பிவலைக்குள் நுழைந்து கெட்டியாகப் பற்றியிருந்தன. “சார், வலையில கை வெக்காதீங்க” என்று அங்கே காவலுக்கு நின்றவர் சொல்லிப் பார்த்தார். வீரரிடம் போய் இதையெல்லாம் சொல்லலாமா? இன்னொரு குத்து, கண்ணுக்குக் கீழே. இடியின் கால் தள்ளாடியது. பின்வாங்கி வந்து, மச்சான் நின்ற இடத்தில் வலையோடு சாய்ந்தார். மறுபடி திரும்பிப் பார்த்தார். இப்போது இரண்டு பேர் முகத்துக்கும் நடுவில் ஒரு கம்பிவலைதான். அந்தக் கண்ணில் இருந்ததை ஒரு கைக்குழந்தைகூடப் படித்திருக்கும்.

“விடாதேடா! வலியெல்லாம் மன…”

வாக்கியம் முடியவில்லை. எதிராளி ஓங்கிய முழங்கால் இடியின் இடுப்பைத் தவறவிட்டு வலையில் இடித்தது. சரியாக மச்சானுடைய விரல்கள் இருந்த இடத்தில்.

“ஐயோ, அம்மா!”

அந்த அலறலை வாசலில் டிக்கெட் கிழிப்பவர்கூடக் கேட்டாராம். மச்சான் இரண்டு கையையும் வானத்துக்கு உதறினார். துண்டு பறந்தது. இஸ்திரி மடிப்பெல்லாம் பிரிந்து, வலைக்கு மேலே எழும்பி, கூண்டின் நடுவில் போய் விழுந்தது.

துண்டு ஏன் விழுந்தது என்று நடுவர் விசாரிப்பதில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து கையை விரித்தார். முடிந்தது. இத்தனை வருஷமாக மூக்கு உடைந்தும், விலா கீறியும், கண் கிழிந்தும் நிறுத்த முடியாத ஆட்டத்தை மச்சானுடைய இரண்டு விரல்கள் நிறுத்திவிட்டன.

கூண்டுக் கதவைத் திறந்ததும் இடி இறங்கி வந்து மச்சானைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். குலுங்கிக் குலுங்கி அழுதார். “நீங்க எறியவே மாட்டீங்கன்னு நினைச்சேன் மச்சான்… என்னைக் காப்பாத்திட்டீங்க மச்சான்…” மச்சானும் அழுதார். விரல் அப்படி வலித்தது. பயிற்சியாளர் வந்தார், ஜென்மத்தில் யாரையும் பாராட்டாத மனிதர். “பெரிய மனசு சார் உங்களுக்கு” என்று இடது கையைப் பிடித்து அழுத்தினார். மச்சான் மறுபடி அலறினார். உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் என்று எல்லோரும் விலகி வழிவிட்டார்கள்.

கண் தப்பித்தது. டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ஒட்டின இடம் ஒட்டினபடியே இருக்கிறது என்றார். இடி கையுறையை ஆணியில் மாட்டிவிட்டு, தான் பயிற்சி எடுத்த கூடத்திலேயே சொல்லிக்கொடுக்கிற வேலைக்குச் சேர்ந்துகொண்டார்.

கட்டு மாற்ற மச்சான் தங்கை வீட்டுக்குத்தான் வந்தார். நர்ஸிடம் போனால் ஊசி என்பார்களே. தங்கை பழைய கட்டைப் பிரித்தாள்.

“மெதுவாம்மா, மெதுவா! உயிர் போகுது!”

“நான் பின்னாலதான்ணா உக்காந்திருந்தேன்” என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். “எல்லாத்தையும் பார்த்தேன்.”

மச்சான் காது மடல்வரை சிவந்து, தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிஜமாகவே வெட்கமாக இருந்தது அவருக்கு. உள்ளே சமையலறையில் இடி தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. துடைத்துக்கொண்டிருந்தது அந்தத் துண்டால்தான்.

“அவர்கிட்ட சொல்லமாட்டேன். ‘என் மச்சான் வேணும்னேதான் எறிஞ்சார், என் மேல அவ்வளவு பாசம்’னு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டிருக்கார். அவர் நம்பிக்கையை நான் ஏன் கெடுக்கணும்?”

“அம்மா, நீ தெய்வம்மா…”

“கையை ஆட்டாதேண்ணா” என்று சொல்லிப் புதுக் கட்டை இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டாள். மச்சான் துள்ளினார். “வலியெல்லாம் மனசுலதான்” என்றாள் தங்கை.

அந்த வெட்கம் ஒரு வாரம் இருந்தது. மெத்தைக்கடைக்காரருக்கு ஒரு வாரம் என்பது அதிகம்தான். இப்போது கடைக்குப் போய்ப் பாருங்கள். “எறியாம நிக்கறது ஈஸிங்க. எறியறதுக்குத்தான் நெஞ்சுல தைரியம் வேணும்!” என்று தலையணைமேல் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருக்கிறார். விரலில் என்ன கட்டு என்று கேட்டால், “அதுவா? சண்டையில பட்டதுங்க” என்கிறார். அது பொய் என்று யாராலும் சொல்ல முடியாது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானெல்லாம் இந்த ரகம் இல்லை என்றுதானே? பிடிக்காத வேலையை விடுகிறேன் என்று வந்த தம்பியிடம் இன்னும் ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிரு என்று நாற்காலியில் சாய்ந்தபடி சொன்னது யார்? புகுந்த வீட்டிலிருந்து பையோடு வந்த பெண்ணை அனுசரித்துப் போ என்று திருப்பி அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கியது யார்? அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். சற்றுமுன் துண்டு பறந்ததே, அப்போது உங்களுக்குள் ஒரு சின்னக் குரல், ‘அடடா, இன்னும் ஒரே ஒரு ரவுண்டு பார்த்திருக்கலாமே’ என்றதா இல்லையா?

அப்படிச் சொல்லியிருந்தால், எதற்கும் தோளைத் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். துண்டு அங்கேதான் இருக்கும். யாரோ உங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.