ஒட்டகத்துக்கும் எருமைக்கும் நடுவில் ஒரு மாமா

கடலூர் மாவட்டத்திலேயே சொந்தமாக ஒரு மோட்டார்சைக்கிள்கூட இல்லாமல், கண்ணில் பட்ட எல்லா மோட்டார்சைக்கிளையும் ஓட்டி முடித்த ஒரே மனிதர் எங்கள் டெஸ்ட் ரைடு மாமாதான். இதைப் பாடலீசுவரர் சன்னிதியில் கற்பூரம் ஏற்றிக்கூடச் சொல்வேன். கற்பூரத்துக்குப் பஞ்சமில்லை, திருப்பாதிரிப்புலியூரில் கோயிலுக்குப் பக்கத்திலேயே எனக்குப் பூஜைச் சாமான் கடை.

மாமா எனக்குத் தேங்காய் போடுகிறவர். மேல்பட்டாம்பாக்கம் பக்கம் தோப்புகளில் காய் எடுத்து, பழைய மொபெட் ஒன்றில் மூட்டை கட்டிக்கொண்டு வருவார். சொந்த மாமா இல்லை. ஆனால் அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன், அதனால் அவர் மாமா ஆகிவிட்டார்.

மனிதர் ஓரிடத்தில் உட்கார மாட்டார். ஸ்டூல் போட்டால் அதன்மேல் ஒரு காலை வைத்து ஆட்டிக்கொண்டு நிற்பார். டீ வாங்கிக் கொடுத்தால் பாதியை என் கடையிலும் மீதியை எதிர்க்கடையிலும் குடிப்பார். ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பாருக்கு ஓர் இலையிலும் ரசத்துக்கு வேறோர் இலையிலும் இருந்தார் என்று சொல்வார்கள். அது பொய்யாகவும் இருக்கலாம். எங்கள் தெருவில் இதுவரை யாரும் மறுக்கவில்லை.

அப்படிப்பட்டவரை ஒரு காய்ச்சல் படுக்கவைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவர் அசையாமல் கிடந்ததைப் பார்த்துத்தான் அக்கா பயந்துபோனாள். "இவரு எழுந்து நடமாடிட்டா, நடராசர் ஆடுன அஞ்சு சபைக்கும் ரெண்டு பேரும் சேந்து வந்து கும்புடுறோம்" என்று வேண்டிக்கொண்டாள். சிதம்பரம், திருவாலங்காடு, மதுரை, திருநெல்வேலி, குற்றாலம். சாமி கேட்டார். மாமா எழுந்தார். எழுந்தவர் முதலில் சொன்னது இதுதான்: "போலாம். ஆனா பைக்குலதான் போவணும். பஸ்ஸுல என்னால குந்திக்கினு வர முடியாது, மூச்சு முட்டும்."

அன்று பிடித்தது சனி. எந்த பைக் என்று ஆராய்ச்சி ஆரம்பமாகிவிட்டது. செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்ப்பார். கடைசியில் ரெண்டு வண்டி தேறியது. இப்போது அட்வென்சர் பைக் என்கிறார்களே, அந்த ரகம். கம்பெனிப் பெயர் எதற்கு, மாமா வைத்த பெயரையே சொல்கிறேன். ஒன்று ஒட்டகம், இன்னொன்று எருமை.

ஒட்டகம் உயரம், ஒல்லி. முன்சக்கரம் பெரியது, கம்பி போட்டது. பட்டன் பட்டனாக டயர். கல்லோ சேறோ மணலோ, எல்லாவற்றிலும் தாவிப் போகும். ஆனால் சீட்டு பலகை மாதிரி இருக்கும். எருமை அகலம், கனம். காற்றை மறைக்க முன்னால் கண்ணாடி, வயிறு பெருத்த டேங்க், சோபா மாதிரி சீட்டு. தார் ரோட்டில் விட்டால் அலுங்காமல் நாள் முழுக்க ஓடும். மணலில் விட்டால் படுத்துக்கொள்ளும்.

எனக்கு இதில் குழப்பமே இல்லை. "அஞ்சு சபையும் தார் ரோட்டுலதான மாமா இருக்கு? எருமைய வாங்க வேண்டியதுதான?"

"தார் ரோடா? நீ எந்தக் காலத்துல இருக்க மாப்ள? பாதி எடத்துல பாலம் கட்டுறேன்னு நோண்டி வெச்சிருக்கான். டைவர்ஷன்னு வயக்காட்டுல எறக்கி விடுவான். அங்க எருமைக்கு என்னா வேல?"

"அப்ப ஒட்டகத்த வாங்குங்க."

"வாங்கிட்டு? மதுர வரைக்கும் ஒங்க அக்கா அந்தப் பலகையில குந்துவாளா? எறங்குறப்ப எனக்குப் பொண்டாட்டி இருக்க மாட்டா."

தேங்காய் இறக்கும்போதெல்லாம் இதே பேச்சு. காலையில் ஒட்டகம் ஜெயிக்கும், சாயங்காலம் எருமை ஜெயிக்கும். பக்கவாட்டில் மாட்டுகிற பெட்டியைக் காட்டி, இதில் இத்தனை லிட்டர் பிடிக்கும் என்று ஷோரூம்காரர் சொன்னால் இவருக்குப் புரியாது. "காய் எத்தன புடிக்கும், அதச் சொல்லு" என்பார். உரித்த காயா மட்டையோடா என்று அந்த மனிதர் திருப்பிக் கேட்ட அன்று, அவரைப் போல விவரமானவர் இந்த ஊரில் இல்லை என்று மாமா எங்களிடம் வந்து சான்றிதழ் கொடுத்தார்.

அதே ஷோரூமில்தான் வில்லங்கமும் வந்தது. ஒருநாள் டெஸ்ட் ரைடு என்று எருமையை வாங்கிக்கொண்டு நேராக என் கடை வாசலில் நிறுத்தினார். "மாப்ள, மாலை ஒண்ணு, பூசணிக்கா, எலுமிச்சம்பழம், சூடம். சீக்கிரம் எடு."

"வண்டி எடுத்துட்டீங்களா மாமா?" எனக்குச் சந்தோஷத்தில் கை ஓடவில்லை.

"எங்க எடுத்தேன்? டெஸ்ட் ரைடு."

"அதுக்கு எதுக்கு பூச?"

"பூச போடாத வண்டி முழுக் கொணத்தயும் காட்டாது. ஒட்டகத்துக்குப் போன வாரம் வேற கடையில வாங்கிப் போட்டுட்டேன். எருமைக்குப் போடலன்னா ஒப்பிடுறது ஓரவஞ்சன ஆயிடும்ல?"

சாமி காரியம் என்று வந்து கேட்பவரிடம் நான் எப்படி இல்லை என்பது. எடுத்துக் கொடுத்தேன். ஹெட்லைட்டுக்கு மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம், கழுத்தில் மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். மணக்க மணக்க வண்டியைக் கொண்டுபோய் ஷோரூமிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அந்த வண்டியைப் பார்க்க ஒரு குடும்பம் வந்திருக்கிறது. "யாரோ பூச போட்ட வண்டிய எங்க தலையில கட்டப் பாக்குறீங்களா?" என்று ஒரே சண்டை. மறுநாள் ஷோரூம் மேனேஜர் என் கடைக்கு வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணே, அந்தத் தேங்கா அண்ணனுக்கு மட்டும் எலுமிச்சம்பழம் விக்காதீங்க."

இப்படியே மழைக்காலம் வந்துவிட்டது. ஒருநாள் அக்கா வெற்றிலை பாக்கு வாங்க வந்தாள். படி ஏறும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"தம்பி, இந்தக் கால் இனிமே நல்லாவப் போறதில்ல. நம்ம தெருப் பொம்பளைங்க ஆருத்ரா முடிஞ்சதும் அஞ்சு சபைக்கும் பஸ்ஸு புடிக்கிறாங்க. நான் பேரு குடுத்துட்டேன். ஒங்க மாமா அதுக்குள்ள வண்டி எடுத்தா அவரோட போவேன். இல்லன்னா பஸ்ஸு."

"சேந்து வரோம்னுதானக்கா வேண்டிக்கிட்டீங்க?"

"ஆமா தம்பி, அப்பிடித்தான் வேண்டிக்கிட்டேன். சாமிகிட்ட சொன்னத மாத்திச் சொல்ல எனக்குத் தெரியல."

இதை மாமாவிடம் சொன்னேன். அன்றைக்கு டீயை முழுசாக என் கடையிலேயே குடித்தார். மறுவாரம் என்னையும் இழுத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போனார். அங்கே பைக் வாடகைக்கு விடுகிறார்கள். ஒட்டகம் ஒன்று, எருமை ஒன்று எடுத்தார். ரெண்டையும் ஒரே நாளில் சிதம்பரம் வரைக்கும் ஓட்டிப் பார்ப்பது, அக்கா பஸ்ஸில் வந்து தேரடிப் பக்கம் நிற்பது, ரெண்டிலும் ஏறிப் பார்த்து அவளே தீர்ப்புச் சொல்வது என்று ஏற்பாடு.

ஒட்டகம் என் தலையில் விழுந்தது. நான் குள்ளம். காலை ஊன்றினால் தரைக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. சிக்னலில் நிற்க வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு லாரி வந்து நிற்க வேண்டும், அதன்மேல் கையை ஊன்றிக்கொள்வேன். லாரி இல்லாத இடங்களில் சிவசிவா என்று சொல்லிக்கொண்டு நிற்காமலே போனேன்.

மாமா எருமையில் ராஜா மாதிரி முன்னால் போனார். புதுச்சத்திரத்தில் திடீரென்று இடதுபக்கம் கடற்கரைக்குத் திரும்பிவிட்டார். துரத்திப் போய்ப் பார்த்தால், சவுக்குத்தோப்பு தாண்டி மணலில் எருமை பாதிச் சக்கரம் புதைந்து நிற்கிறது.

"இது ரோட்டு வண்டின்னு நீங்கதான மாமா சொன்னீங்க?"

"சொன்னேன். நெசமான்னு பாக்க வேணாமா?"

வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர்கள் எழுந்து வந்தார்கள். அதில் ஒரு பெரியவர் வண்டியைச் சுற்றிவந்து நிதானமாகக் கேட்டார்: "தம்பி, இத கடல்ல எறக்கப் போறீங்களா, இல்ல கரையேத்தப் போறீங்களா? சொன்னா அதுக்குத் தக்கன கயிறு கட்டுவோம்."

படகு இழுக்கிற கயிற்றைக் கட்டி இழுத்தார்கள். எருமை கரையேறியது. மாமா முகம் நிறைய மணலோடு என்னைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தியா, ஒட்டகம்தான் சரி."

சிதம்பரத்தில் அக்கா தேரடிப் பக்கம் குடையோடு நின்றிருந்தாள். முதலில் ஒட்டகம். பின்சீட்டு அவள் நெஞ்சுக்கு இருந்தது. பார்த்ததோடு சரி. அடுத்து எருமை. மாமா வண்டியைச் சாய்த்துப் பிடித்தார். பூக்காரம்மா பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைக் கொடுத்தாள். அக்கா ஏறியதும் ஸ்டூல் நெளிந்தது. கால்படியில் ஒரு காலை வைத்தாள். உடம்பைத் தூக்கிப் போட முட்டி இடம் கொடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தாள். கூட்டம் கூடிவிட்டது. வியர்த்து இறங்கினாள்.

மாமா உடனே, "ஒட்டகத்துல சஸ்பென்ஷன கொஞ்சம் எறக்கலாம், எருமையில சீட்ட மாத்துற வசதி இருக்காம், இன்னொரு வண்டிகூட வீடியோவுல" என்று ஆரம்பித்தார்.

அக்கா கோபுரத்தைப் பார்த்தாள். "உள்ள இருக்குறவரும் காலத் தூக்கிக்கினுதான் நிக்கிறாரு. ஆனா ஒரு எடத்துல நிக்கிறாருல்ல?"

மாமா எருமையின் சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டார். உள்ளே போய்க் கும்பிட்டோம். பொன்னம்பலத்துக்கு முன்னால் நான் எனக்காக எதுவும் கேட்கவில்லை. "அம்பலத்தாடுறவனே, இந்த மனுசனுக்கு ஒரு வண்டியக் காட்டு. இல்லன்னா அந்தப் பொம்பளைக்கு ஒரு காலக் குடு" என்றுதான் கேட்டேன். வெளியே வந்து அக்கா பஸ் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள்.

ஆருத்ரா முடிந்து பஸ் கிளம்பிய காலை. மூட்டை தூக்க ஓர் ஆண்பிள்ளை வேண்டுமென்று என் வீட்டம்மா என்னையும் சேர்த்துவிட்டிருந்தாள். தெருமுனையில் ஹெல்மெட்டோடு மாமா. திரும்பவும் வாடகைக்கு எடுத்த எருமை.

"நானும் வரேன், பஸ்ஸு பின்னால."

"இது சேந்து போறதுல வருமா மாமா?"

"தெரியல மாப்ள. வராம இருக்க முடியல."

பின்னால் வருகிறேன் என்றவர் பின்னால் வரவே இல்லை. முன்னால் போவார், நின்று காத்திருப்பார், பக்கத்தில் வந்து ஜன்னலில் எட்டிப் பார்ப்பார், மறுபடி காணாமல் போவார். டிரைவர் நொந்துபோய், "யாருங்க அந்தாளு, மந்திரி வராருன்னு நெனச்சிக்கினாரா?" என்றார். திருவாலங்காடு, சிதம்பரம், மதுரை, திருநெல்வேலி என்று எந்த ஊரில் பஸ் கதவு திறந்தாலும் வாசலில் டீ டம்ளரோடு மாமா நின்றார். அக்கா வாங்கிக்கொள்வாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். பஸ் கிளம்பி, அவர் கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்ச தூரம் போனால் மட்டும் என் தோளைத் தட்டுவாள். "தம்பி, வராரான்னு பாரு."

திருநெல்வேலி தாண்டிக் குற்றாலத்துக்குப் போகிற வழியில் தூறல். ஒரு டீக்கடையில் பஸ் நின்றது. முன்னால் போயிருந்த மாமா வண்டியைத் திருப்பிக்கொண்டு எதிர்முகமாக வந்து, பஸ் வாசலை ஒட்டி நிறுத்தி டம்ளரை நீட்டினார். அக்கா கீழ்ப்படியில் நின்றிருந்தாள். டம்ளரை வாங்கவில்லை. பின்சீட்டையே பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட கொண்டாங்க."

மாமா கொண்டுவந்தார். அக்கா படியிலேயே திரும்பி நின்றாள். புடவையை ஒதுக்கிக்கொண்டு, நாற்காலியில் உட்காருவதுபோல மெல்லப் பின்னால் உட்கார்ந்தாள். முட்டியைத் தூக்கவே வேண்டியிருக்கவில்லை. படிக்கும் சீட்டுக்கும் அவ்வளவு கச்சிதமான உயரம். இத்தனை மாதம் ஒட்டகத்தையும் எருமையையும் அளந்தோமே தவிர, எதன்மேல் நின்று ஏறுவது என்று யாருமே யோசிக்கவில்லை.

பஸ்ஸிலிருந்த பெண்கள் எல்லாரும் ஜன்னல் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்கள். டிரைவர்தான் கேட்டார்: "ஏம்மா, ஏறிட்டீங்க. எறங்குறது எப்புடி?"

"எறங்கத்தான் நீங்க பின்னால வர்றீங்களே" என்றாள் அக்கா. மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "போங்க."

எருமை தூறலுக்குள் போய் மறைந்தது.

நாங்கள் குற்றாலம் போய்ச் சேர்ந்து சித்திரசபைப் பக்கம் திரும்பும்போது தூரத்திலேயே பார்த்துவிட்டேன். ஒரு மரத்தடியில் வண்டி நிற்கிறது. அக்கா இறங்க வழியில்லாமல் அதன்மேலேயே இருக்கிறாள். மாமா இறங்கினால் வண்டி சாய்ந்துவிடும் என்று அவரும் ரெண்டு காலையும் ஊன்றி அப்படியே உட்கார்ந்திருக்கிறார். அக்கா முந்தானையை எடுத்து அவர் தலைக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறாள். அவர் திரும்பித் திரும்பி என்னவோ சொல்கிறார், அவள் சிரிக்கிறாள்.

"பாவம், அந்தம்மாவ எறக்கி விடுவோம்" என்று டிரைவர் வேகத்தைக் கூட்டினார்.

நான் எழுந்துபோய் அவர் தோளைத் தொட்டேன். "அவசரமில்லப்பா. இங்கயே ஓரமா நிறுத்து, ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்."